பலகைத் தரையும் ப்ரொம்ப்டும்: கனவைக் கீறியவர்களின் நூறு வருடக் கதை

சில வாரங்களுக்கு முதல் எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம் வந்தது. எங்களில் ஒருத்தி, படம் உருவாக்கும் ஏஐ செயலி ஒன்றுக்கு, சின்ன வயதில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த வீடு இப்பவும் அவளுக்குக் கனவில் வருமாம். முன்கதவு அப்படியே இருக்கும், ஆனால் திறந்தால் உள்ளே கடல். கிணற்றடியில் ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்கும், போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இதை ஆங்கிலத்தில் நாலைந்து வரியாக எழுதிக் கொடுத்தாள். அரை நிமிடத்துக்குள் நாலு படங்கள் வந்தன. பெரிய நிலவு, மிதக்கிற வீடு, ஊதா நிற மேகம், கதவுக்குள்ளால் பொங்கி வரும் அலை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்கட வீடு இல்லை.”

அங்கேதான் தொடங்கியது. “கையால கீறாதது கலையே இல்லை, விடு” என்றார் ஒருவர். “அப்பிடிச் சொல்லேலாது, சர்ரியலிஸ்டுகளும் இதைத்தானே செய்தவை? அறிவை ஒதுக்கி வைச்சிட்டு, வாறதை வரவிட்டவை. மெஷினும் அதைத்தானே செய்யுது” என்றார் இன்னொருவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. உள்ளுணர்வு, கற்பனை, தற்செயல் என்று நாங்கள் எல்லோரும் சொற்களை எறிந்துகொண்டிருந்தோம். ஆனால் அந்தச் சொற்களோடு வேலை செய்தவர்கள் கையில் என்னத்தை வைத்துக்கொண்டு, எந்த ஒழுங்கில், என்ன செய்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

போரிலிருந்து திரும்பியவர்கள்

சர்ரியலிசம் என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது உருகும் மணிக்கூடு. 1931இல் சல்வடோர் டாலி கீறிய அந்தப் படம் வெறும் 24 சென்ரிமீற்றர் உயரமும் 33 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. ஒரு பெரிய கொப்பியை விரித்து வைத்த அளவுகூட இல்லை. ஆனால் கதை டாலியிடம் தொடங்கவில்லை. அது முதலாம் உலகப் போரில் தொடங்குகிறது.

பிரான்சில் மருத்துவ மாணவராக இருந்த அந்த்ரே பிரெத்தோன், 1916இல் சாந் டிசியே என்ற ஊரிலிருந்த இராணுவ மனநல மையத்தில் வேலைக்கு விடப்பட்டார். அவருக்கு அப்போது இருபது வயது. போர்முனையிலிருந்து மனம் குழம்பிய நிலையில் கொண்டுவரப்பட்ட படைவீரர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர், போரே ஒரு நாடகம் என்று உறுதியாக நம்பினார். வெடிக்கும் குண்டுகள் போலி, காயங்கள் ஒப்பனை, பிணங்களை எங்கிருந்தோ கொண்டுவந்து போடுகிறார்கள் என்பது அவரது வாதம். பிரெத்தோனை இது உலுக்கியது. வெளியே செய்தித்தாள்களும் தளபதிகளும் தெளிவான தர்க்கத்தோடு இலட்சக்கணக்கானோரைச் சாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ‘புத்தி பேதலித்தவர்’ என்று முத்திரை குத்தப்பட்டவரின் பேச்சில்தான் மனித மனம் அந்தப் போரை எவ்வளவு ஆழமாக மறுக்கிறது என்பது தெரிந்தது.

1919 வசந்தத்தில் பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். திருத்தாமல், யோசிக்காமல், வேகமாக எழுதுவது. வருவதை வந்தபடி விடுவது. அதுதான் ‘தன்னியக்க எழுத்து’. 1924 ஒக்டோபரில் பிரெத்தோன் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கை, அறிவின் கட்டுப்பாடோ அழகு, ஒழுக்கம் என்ற கவலையோ இல்லாமல் சிந்தனையின் உண்மையான ஓட்டத்தைப் பதிவதே தங்கள் வேலை என்று அறிவித்தது. எங்களைப்போல ஆக்கள் வெறும் பதிவுக் கருவிகள்தான், எங்களுக்குத் ‘திறமை’ ஒன்றும் இல்லை என்கிற மாதிரியும் அதில் பிரெத்தோன் எழுதினார்.

இந்த இடத்தில் எங்கள் வாக்குவாதத்தின் முதல் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கைத்திறமை இருந்தால்தான் கலை என்ற வாதத்துக்குச் சர்ரியலிஸ்டுகளைத் துணைக்கு அழைக்க ஏலாது. அதை உடைக்கத்தானே அவர்கள் வந்தார்கள்.

ஓவியர்களின் கதையும் இப்படித்தான். அந்த்ரே மசோன் 1917இல் ஷெமாந் டி டாம் சண்டையில் மார்பில் படுகாயமடைந்தார். உடம்பு ஆறினாலும் மனம் ஆற நெடுநாள் எடுத்தது. மக்ஸ் ஏர்ன்ஸ்ட் அதே போரில் ஜேர்மன் பீரங்கிப் படையில், அதாவது எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். தன் வாழ்க்கைக் குறிப்பில், தான் 1914 ஓகஸ்டில் இறந்து 1918 நவம்பரில் மறுபடி உயிர்த்ததாக அவர் எழுதினார். இடைப்பட்ட நாலு வருடத்தை அவர் வாழ்க்கையாகவே கணக்கெடுக்கவில்லை.

கனவு இவர்களுக்குத் தப்பி ஓடுகிற இடமாக இருந்தது என்று லேசாகச் சொல்லிவிடலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தெளிவாகச் சொல்லப்பட்ட எல்லாமே பொய்யாகிப்போன பிறகு, தெளிவில்லாததைக் கொஞ்சம் நம்பிப் பார்த்தார்கள்.

ஒரு மழை நாளும் பழைய பலகையும்

1925 ஓகஸ்ட் 10. பிரான்சின் போர்னிக் என்ற கடலோர ஊர். மழை. விடுதி அறைக்குள் அடைபட்டுக் கிடந்த ஏர்ன்ஸ்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகைத் தரை. பல வருடமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் மரத்தின் ரேகைகள் புடைத்துத் தெரிந்தன. பார்க்கப் பார்க்க அவருக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று வந்தது. கட்டிலுக்கு எதிரே, மரம்போல் நிறம் தீட்டிய பலகை ஒன்று இருந்ததாம். அரைத் தூக்கத்தில் அந்த ரேகைகளுக்குள் முகங்களும் கண்களும் பறவைகளும் தெரியுமாம்.

ஏர்ன்ஸ்ட் சில தாள்களைத் தரையில் அங்கங்கே போட்டு, மேலால் கரிப் பென்சிலால் தேய்த்தார். சின்னனில் கொப்பித் தாளுக்குக் கீழே காசுக்குத்தியை வைத்து நாங்கள் தேய்த்தோமே, அதேதான். பிரெஞ்சில் இதற்கு ‘ஃப்ரொத்தாஜ்’ என்று பெயர். தேய்த்தல் என்பதுதான் அர்த்தம். பிறகு இலை, சாக்குத்துணி, நூல் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தார். இப்படி வந்த 34 படங்கள் 1926இல் ‘இயற்கை வரலாறு’ என்ற தொகுப்பாக வெளிவந்தன.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் தேய்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தொகுப்பைப் பார்த்தால் அதற்குப் பிறகு நடந்த வேலை தெரியும். தேய்த்த தாளில் இருப்பது வெறும் மர ரேகை. அதற்குள் காடு இருக்கிறது, கடல் இருக்கிறது, குதிரை இருக்கிறது என்று கண்டது ஏர்ன்ஸ்டின் கண். கண்டபின் அவர் கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் மறைத்தார், எங்கே வெட்டுவது என்று முடிவெடுத்தார். அதாவது இரண்டு படிகள். முதலாவது, தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றிடம் கையை விட்டுக்கொடுப்பது. இரண்டாவது, அது தந்ததற்குள் தனக்குச் சொந்தமான ஒன்றை அடையாளம் காண்பது.

ஏன் காடு, ஏன் பறவை? மூன்று வயதில் தகப்பன் தன்னை முதன்முதல் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனபோது வந்த பயத்தையும் மயக்கத்தையும் ஏர்ன்ஸ்ட் கடைசிவரை மறக்கவில்லை. 1906இல் அவர் ஆசையாக வளர்த்த பறவை செத்த அதே நேரத்தில் தங்கை பிறந்த செய்தி வந்தது. பறவையும் மனிதரும் அவர் மனதில் அன்றைக்கே குழம்பிப்போனார்கள். பலகை யாருடையதாகவும் இருக்கலாம். அதற்குள் தெரிந்த காடு அவருடையது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஊறல் படிந்த சுவரையும் பல நிறக் கற்களையும் உற்றுப் பாருங்கள், அதற்குள் மலைகளும் போர்களும் முகங்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி தன் மாணவர்களுக்கு எழுதிவைத்தார். ஏர்ன்ஸ்டே இந்தக் குறிப்பை ஞாபகப்படுத்துகிறார்.

தற்செயலுக்கு ஒரு வாசல்

அடுத்த பதினைந்து வருடத்தில் இந்தக் கூட்டம் கண்டுபிடித்த வழிகள் ஏராளம். மசோன் கன்வஸில் பசையை ஊற்றி, மேலே மணலைக் கொட்டி, உதறினார். ஒட்டி நின்ற மணலின் வடிவத்தைப் பார்த்துத்தான் கோடுகள் போட்டார். 1926இல் வந்த ‘மீன்களின் சண்டை’ அப்படிப் பிறந்தது. தற்செயலாக விழுந்த மணலில் அவர் கண்டது, ஒன்றையொன்று கிழிக்கும் மீன்கள். மார்பில் குண்டு பட்டவர் வேறு என்னத்தைக் காண்பார்?

தாளை மடித்து, ஒருவர் தலையைக் கீற, அதைப் பாராமல் மற்றவர் உடம்பைக் கீற, மூன்றாமவர் காலைக் கீறும் விளையாட்டும் இவர்களுடையதுதான். 1925 அளவில் பாரிஸில் தொடங்கிய அதற்கு ‘நேர்த்தியான பிணம்’ என்று பெயர். ஒஸ்கார் டொமிங்கெஸ் ஈரச் சாயத்தின் மேல் இன்னொரு தாளை அழுத்தி உரித்தார். வொல்ஃப்காங் பாலன் மெழுகுதிரிப் புகையைக் கன்வஸில் படியவிட்டார். கையில் பெரிய திறப்பொன்றைப் பிடித்தபடி கதிரையில் கண்ணயர்வது டாலி சொல்லித்தந்த வழி. தூக்கம் பிடித்ததும் திறப்பு கீழே கவிழ்த்து வைத்த தட்டில் விழும், அந்தச் சத்தத்தில் எழும்ப வேண்டும். நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு நொடிதான் அவருக்குத் தேவைப்பட்டது.

இதெல்லாம் ஒருவிதமான பம்பல்போலத் தெரியும். ஆனால் அடுத்த போர் வந்தபோது இதே விளையாட்டுக்கு வேறு கனம் வந்தது. 1937இல் நாசிகள் மியூனிக்கில் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் ஏர்ன்ஸ்டின் ஓவியமும் இழிவுபடுத்தப்பட்டது. அது பிறகு காணாமலே போனது. 1939இல் பிரான்சில் இருந்த அவரை, ஜேர்மன்காரர் என்பதற்காகப் பிரெஞ்சுக்காரர்களே பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். ஒரு பக்கத்துக்குத் துரோகி, மறுபக்கத்துக்கு எதிரி. 1941இல் ஒருவழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அந்த வருடங்களில் அவர் கீறிய படம் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’. 1940இல் தொடங்கி 1942இல் முடித்தது. சாயத்தை அழுத்தி உரிக்கும் டொமிங்கெஸின் முறையை எண்ணெய்ச் சாயத்தில் செய்தார். உரிக்கும்போது வந்த பாசிபோன்ற, பவளப்பாறைபோன்ற புடைப்புகளுக்குள் அவர் கண்டது அழிந்த ஒரு கண்டம். இடிந்த தூண்கள், அழுகிய உடல்கள், பறவைத் தலையோடு ஒரு மனிதன், மேலே சம்பந்தமே இல்லாமல் தெளிந்த நீல வானம். குண்டு விழுவதையோ படை நகர்வதையோ அவர் கீறவில்லை. அப்படியிருந்தும் போரில் சிதைந்த ஊரைப் பார்த்த எவருக்கும் அந்தப் படம் விளங்கும்.

கொழும்பில் ஓர் இருட்டறை

இதெல்லாம் பாரிஸ் கதை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். 1930களில் கொழும்பில் லியனல் வென்ட் என்று ஒருவர் இருந்தார். 1900இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், கடைசியில் புகைப்படக்காரர். கிராமங்கள், மீனவர்கள், இடிபாடுகள், மனித உடல்கள் என்று இலங்கையை மிக நுணுக்கமாகப் படமெடுத்த அதே ஆள், இருட்டறைக்குள் போனதும் வேறொருவராக மாறினார். நெகட்டிவ்களை ஒன்றின்மேல் ஒன்று சேர்த்தார். ‘சொலரைசேஷன்’ என்ற முறையையும் கையாண்டார்.

அந்த முறையின் கதையும் ஒரு தற்செயல்தான். படம் இரசாயனத்தில் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி வெளிச்சம் பட்டால், கறுப்பு வெள்ளை பாதி தலைகீழாகும். உருவங்களைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு வரும். இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த பிழைதான். 1929 அளவில் பாரிஸில் லீ மில்லர் இருட்டறையில் நிற்கும்போது காலுக்கு மேலால் ஏதோ ஓடியது. எலியாக்கும் என்று பயந்து லைட்டைப் போட்டுவிட்டார். பழுதாய்ப்போன நெகட்டிவை எறியாமல் பார்த்த அவரும் மான் ரேயும் அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். சில வருடங்களுக்குள் வென்ட் அதைக் கொழும்பில் செய்துகொண்டிருந்தார்.

1943இல் இலங்கையின் நவீன ஓவியர்கள் ’43 குழுவாகச் சேர்ந்ததற்கும் வென்ட்தான் நடுநாயகம். அடுத்த வருடம் டிசம்பரில் காலமானார். அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நாடகம் பார்க்க லியனல் வென்ட் அரங்குக்குப் போகும் எங்களில் பலருக்கு, அந்தப் பெயருக்குரியவர் இந்த மண்ணில் கனவைப் படமெடுத்தவர் என்பதே தெரியாது.

‘அன்டூ’ வந்த பிறகு

இருட்டறையில் இந்த வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கரான ஜெரி யூல்ஸ்மன். 1934இல் பிறந்து 2022இல் மறைந்தவர். பல என்லார்ஜர்களில் வேறு வேறு நெகட்டிவ்களைப் பொருத்திவிட்டு, ஒரே தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி நகர்த்தி ஒரு படத்தை உருவாக்குவார். வேரோடு அந்தரத்தில் மிதக்கும் அவரது மரத்தைப் பார்த்தால் ஃபோட்டோஷொப் என்றுதான் நினைப்போம். ஆனால் அது 1969இல் வந்த படம். கமெராவை அழுத்த முதலே முடிவான படத்தை மனதில் காண வேண்டும் என்று அன்சல் அடம்ஸ் போன்றவர்கள் சொன்ன காலத்தில், இல்லை, படமெடுத்த பிறகும் இருட்டறையில் கண்டுபிடிப்பு தொடரலாம் என்று வாதாடியவர் அவர்.

ஃபோட்டோஷொப்பின் கதை 1987இல் தொடங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தோமஸ் நோல் எழுதத் தொடங்கிய சின்ன நிரல் அது. திரைப்படத் துறையில் வேலை செய்த தம்பி ஜோன் நோல் அதைப் பெரிதாக்கத் தூண்டினார். 1990 பெப்ரவரியில் முதற் பதிப்பு வந்தது. படங்களைத் தனித்தனி அடுக்குகளாக வைக்கும் வசதி 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1998 வரை ஃபோட்டோஷொப்பில் ஒரேயொரு ‘அன்டூ’தான். கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும் அழிக்கலாம். பல படிகள் பின்னால் போகும் வசதி ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கனவைக் கீறுபவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஏர்ன்ஸ்ட் தேய்த்த தாளைத் தேய்க்காத தாளாக மாற்ற ஏலாது. லீ மில்லர் போட்ட லைட்டைப் போடாததாக ஆக்க ஏலாது. பிழை நிரந்தரமாக இருந்தபடியால் அதோடு கதைக்க வேண்டியிருந்தது, அதற்குள் எதையாவது காண வேண்டியிருந்தது. டிஜிட்டலில் பிழைக்கு ஆயுள் ஒரு நொடி. பிடிக்கவில்லையா, இரண்டு விசை, போய்விட்டது.

ஆனால் இதையே மறுபக்கமாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். யூல்ஸ்மனின் மனைவியாக இருந்த மகி டெய்லர் 1990களின் நடுவில் கணினிக்கு மாறினார். அவரது ‘கமெரா’ ஒரு சாதாரண ஸ்கானர். பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் வாங்கிய, பெயர் தெரியாத 19ஆம் நூற்றாண்டு மனிதர்களின் தகட்டுப் படங்களையும் பூச்சி, பொம்மை, ஓடு என்று சின்னச் சின்னப் பொருட்களையும் ஸ்கான் செய்வார். முன்கூட்டிய திட்டம் இல்லாமல் அவற்றை அடுக்கடுக்காக நகர்த்திப் பார்ப்பார். ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் எடுக்கும். அடுக்குகள் அழியாமல் இருப்பதால், இன்றைக்கு விளங்காததை மறைத்துவைத்துவிட்டு நாளைக்குத் திறந்து பார்க்கலாம். இருட்டறை தராத பொறுமையை அந்த அடுக்குகள் அவருக்குத் தந்தன.

ஒரே வீட்டில் ஒருவர் இரசாயனத் தட்டோடும் மற்றவர் மவுஸோடும் ஒரே மாதிரியான வேலையைச் செய்தார்கள். ஆகவே டிஜிட்டல் என்பதால் உள்ளுணர்வு செத்துப்போகாது. தற்செயலாக வந்ததோடு எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெஷின் கண்ட நாய்கள்

2015இல் கூகிளில் வேலை செய்த அலெக்சாண்டர் மோர்ட்வின்செவ் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். படத்தில் இருப்பது என்னவென்று அடையாளம் காணப் பயிற்றிய செயற்கை நரம்பு வலையை எடுத்தார். ஒரு மேகப் படத்தைக் கொடுத்து, “உனக்கு இதில் லேசாக எது தெரிகிறதோ, அதை இன்னும் கூட்டு” என்பதுபோலத் திருப்பி ஓடவிட்டார். திரும்பத் திரும்ப ஓடியதும் மேகத்துக்குள் கண்கள் முளைத்தன, நாய் முகங்கள் முளைத்தன. ‘டீப்ட்ரீம்’ என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான்.

ஏர்ன்ஸ்டின் பலகைத் தரைக்கு இதைவிடக் கிட்டிய டிஜிட்டல் உறவு கிடையாது. ஆனால் ஏன் நாய்? பதில் சிரிப்பாக இருக்கும். அந்த வலையைப் பயிற்றிய படத் தொகுப்பில் இருந்த 1000 வகைகளில் ஏறக்குறைய 120 வகை நாய் இனங்கள். மெஷினுக்கு நாய்களைக் காட்டினார்கள், அது நாய்களைக் கண்டது. ஏர்ன்ஸ்டுக்குக் காட்டைக் காட்டியது அவரது தகப்பன்; அன்றைக்குப் பயந்தது அவர். மெஷினுக்கு நாயைக் கண்டு பயமும் இல்லை, ஆசையும் இல்லை.

2021 ஜனவரியில் வந்த செயலிக்கு ‘டால்-ஈ’ என்று பெயர் வைத்தார்கள். டாலியின் பெயரையும் ‘வால்-ஈ’ என்ற திரைப்பட ரோபோவின் பெயரையும் சேர்த்தது அது. சர்ரியலிசத்துக்கு வாரிசு நாங்கள்தான் என்று பெயரிலேயே உரிமை கோரினார்கள். 2022இல் மிட்ஜேர்னியும் ஸ்டேபிள் டிஃபியூஷனும் பொதுமக்கள் கைக்கு வந்தன.

இவை வேலை செய்யும் விதத்திலும் தற்செயல் இருக்கிறது. டிவியில் சிக்னல் இல்லாதபோது தெரியும் புள்ளிகள்போன்ற ஒன்றிலிருந்துதான் ஒவ்வொரு படமும் தொடங்குகிறது. நாங்கள் எழுதிய சொற்களுக்கு ஏற்ப அந்தப் புள்ளிகளைப் படிப்படியாகத் துலக்கிக்கொண்டு போகிறது மெஷின். கேட்கும்போது ஏர்ன்ஸ்ட் மாதிரியே இருக்கிறது. ஆனால் இங்கே காணும் வேலையையும் மெஷினே செய்து முடித்துவிடுகிறது. தேய்த்த தாள் எங்கள் கைக்கு வருவதே இல்லை. அதற்குள் என்ன தெரிகிறது என்று முடிவாகிய பிறகுதான் வருகிறது.

அந்த முடிவு எங்கிருந்து வருகிறது? ஸ்டேபிள் டிஃபியூஷனுக்கு அடிப்படையான லாயோன் தொகுப்பில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட 500 கோடிக்கு மேற்பட்ட படங்களின் இணைப்புகள் இருந்தன. ஓவியர்கள் பலரின் வேலைகளும் கேட்காமலே உள்ளே போயின. அதற்காக 2023இல் அமெரிக்காவில் ஓவியர்கள் வழக்கும் போட்டார்கள். பயிற்சியின் பிந்திய கட்டங்களில் ‘அழகு’ மதிப்பெண் கூடிய படங்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார்கள். பிரெத்தோனின் அறிக்கை எதை ஒதுக்கி வைக்கச் சொன்னதோ அதே அழகுதான் இங்கே வடிகட்டி. ஆகவே நாங்கள் ‘கனவு’ என்று எழுதினால் வருவது, கனவு என்ற தலைப்பில் மற்றவர்கள் ஏற்கெனவே போட்ட வடிவான படங்களின் சாறு. எங்கள் தோழிக்கு ஊதா மேகமும் பெரிய நிலவும் ஏன் வந்தன என்பது இப்போது விளங்கும். பிழை அவளது சொற்களில் இல்லை.

அப்படியென்றால் மெஷினைத் தொடவே கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் அலன் என்பவரின் மிட்ஜேர்னிப் படம் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றபோது பெரிய சண்டை வந்தது. குறைந்தது 624 தடவை ப்ரொம்ப்டை மாற்றி மாற்றி எழுதியதாக அவர் சொன்னார். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் அந்தப் படத்துக்கு உரிமை தர மறுத்தது. சட்டம் எப்படியோ போகட்டும். 624 தடவை என்பதை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். தெரிவுசெய்வதும் வேலைதான். ஆனால் எதைத் தேடித் தெரிவுசெய்கிறோம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பரிசு வாங்கக்கூடிய படத்தையா, அல்லது எங்களுக்குள் கிடக்கும் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்கிற படத்தையா?

எங்கள் வாக்குவாதத்தின் இரண்டாவது கட்சிக்கும் இப்போது பதில் சொல்லலாம். சர்ரியலிஸ்டுகள் வாறதை வரவிட்டவை, உண்மைதான். வந்ததைப் பார்த்து, இது என்னுடையது, இது என்னுடையதில்லை என்று பிரித்தும் வைத்தவை. ‘இது எங்கட வீடு இல்லை’ என்று எங்கள் தோழி சொன்னாளே, அன்றைக்கு அந்த மேசையில் நடந்த ஒரேயொரு சர்ரியலிச வேலை அதுதான்.

போன மாதம் அவள் ஊருக்குப் போனாள். வீடு இல்லை, பின்பக்கச் சுவர் ஒன்று மட்டும் பற்றைக்குள் நிற்கிறது. செல் சிதறல் பட்ட புள்ளிகளும், மழைநீர் வழிந்த ஊறலும், உதிர்ந்த சுண்ணாம்பும் அப்படியே இருக்கின்றன. கொண்டுபோன தாள்களைச் சுவரில் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். ஏழெட்டுத் தாள். திரும்பி வந்து அவற்றை ஸ்கான் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போனிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழித்தும் கூட்டியும் பார்க்கிறாள். இன்னும் முடியவில்லை. சிதறல் புள்ளிகள் கிணற்றடியில் நிற்கும் ஆக்கள்மாதிரித் தெரிகின்றன என்று ஒரு நாள் சொன்னாள். மற்ற நாள், இல்லை, அவை மழைத்துளிகள் என்றாள்.

எங்களுக்கு அவை இரண்டுமாகத் தெரியவில்லை. அது பரவாயில்லை, அது அவளுடைய சுவர். உங்களிடமும் ஒரு சுவரோ பழைய கதவோ பாயோ இருக்கும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று யாரையும், எதையும் கேட்க முதல் கொஞ்ச நேரம் நீங்களே பாருங்கள்.